பத்து ரூபாயில் ஒரு நாடாளுமன்றம்



முதலில் ஒரு சின்னக் கேள்வி. நம் விடுதி டிவி அறை எப்போது திறக்கும்? பதில் எல்லோருக்கும் தெரியும். இந்தியா கிரிக்கெட் ஆடினால் திறக்கும். இறுதி ஆட்டம் என்றால் வார்டன் சாரே நாற்காலி போட்டு நடுராத்திரி வரைக்கும் உட்கார்ந்திருப்பார். நாமும் கன்னத்தில் மூவர்ணம் பூசிக்கொண்டு கத்து கத்து என்று கத்துவோம். அதில் தப்பே இல்லை. நானும் கத்தியவன்தான். மறுநாள் ஒர்க்ஷாப்பில் குரல் வராமல் சைகையிலேயே ஸ்பேனர் கேட்டவன்தான்.

ஆனால் அதே நாட்டுக்குச் சட்டம் செய்கிற இடத்தில் என்ன பேசுகிறார்கள் என்று பார்ப்பதற்காக அந்தக் கதவு என்றைக்காவது திறந்ததுண்டா? ஒரே ஒரு நாள் திறந்தது. அது 2025 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு சாயங்காலத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது ஒரு நாளோடு நின்றுபோகக் கூடாது என்பதுதான் என் வாதம்.

தப்பு நம்முடையதும்தான்

கதவைப் பூட்டியதற்கு வார்டன் சாரை மட்டும் குறை சொன்னால் நியாயம் ஆகாது. 2024 ஏப்ரல் மாதத்தை நினைத்துப் பாருங்கள். நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரம் சூடாக இருந்த நேரம். நான் அப்போது முதலாம் ஆண்டு. ராத்திரி சாப்பாடு முடிந்து டிவி அறையில் ஒரு செய்திச் சேனல் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. நாலு கட்டம், நாலு தலை, நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். பத்தே நிமிஷத்தில் டிவிக்குள் நடந்த சண்டை வெளியே வந்துவிட்டது. ஒருத்தன் ஒரு தலைவரைத் திட்டினான். இன்னொருத்தன் அவன் அப்பாவைத் திட்டினான். மூன்றாவது ஆள் ஜாதியை இழுத்தான். ரிமோட் பறந்துபோய் சுவரில் மோதி மூன்று துண்டானது. மறுநாள் காலை நோட்டீஸ் போர்டில் ஒரே வரி: 'மறு அறிவிப்பு வரும்வரை டிவி அறை மூடப்படும்.' மறு அறிவிப்பு அடுத்த மாட்ச்சுக்குத்தான் வந்தது.

அன்றைக்கு ரிமோட்டை எறிந்தவன் நான் இல்லை. ஆனால் எறிந்தபோது விசில் அடித்தவர்களில் நானும் ஒருவன். இதை இந்த மலரில் ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. ஒப்புக்கொள்ளாமல் மேலே எழுதினால்தான் வெட்கம்.

அந்த நாளிலிருந்து எல்லோரும் எடுத்த முடிவு ஒன்றுதான். 'பசங்க அரசியல் பார்த்தா அடிச்சுப்பாங்க.' நான் எடுத்த முடிவு வேறு. நாம் அன்றைக்குப் பார்த்தது விவாதமே இல்லை. அது வெறும் சத்தம். விவாதம் என்றால் ஒருவர் பேசி முடிக்கும் வரைக்கும் மற்றவர் கேட்க வேண்டும். கேட்பதற்கு நமக்கு யாரும் பழக்கித் தரவில்லை. பழகினால் வரும்.

53,000 பேர் கேட்டார்கள்

குடியரசு தினம் என்றால் கொடி, மிட்டாய், அணிவகுப்பு என்றே நமக்குத் தெரியும். அந்த நாள் எதற்காக வந்தது என்று யோசித்தால் ஒரு விஷயம் புரியும். நம் அரசியல் சாசனமே விவாதத்தில் பிறந்ததுதான்! 1946 டிசம்பர் 9-ஆம் தேதி கூடிய அரசியல் நிர்ணய சபை ஏறக்குறைய மூன்று ஆண்டு உட்கார்ந்து பேசியது. வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635. அவற்றில் சபையில் எடுத்துக்கொள்ளப்பட்டவை 2,473. இந்தக் கணக்கை 1949 நவம்பர் 25 அன்று சபையில் சொன்னவர் டாக்டர் அம்பேத்கர். எழுதியது ஒரு குழு. ஆனாலும் ஒவ்வொரு வரியையும் எதிர்த்துக் கேள்வி கேட்க ஆள் இருந்தார்கள், கேட்டவர்களுக்குப் பதிலும் சொன்னார்கள்.

மறுநாள், நவம்பர் 26 அன்று, சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் இன்னொரு கணக்கைச் சொன்னார். சாசனம் விவாதிக்கப்பட்ட காலத்தில் பார்வையாளர் மாடத்துக்கு வந்து போனவர்கள் 53,000 பேர்! தோழர்களே, இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாடத்தில் உட்காருகிறவர் வாயைத் திறக்கக் கூடாது, கை தட்டக் கூடாது. கேட்கலாம், அவ்வளவுதான். சும்மா கேட்பதற்கு 53,000 பேர் போயிருக்கிறார்கள். இந்த நாட்டை ஆக்கியதில் பேசியவர்களுக்குப் பங்கு உண்டு என்றால், வாயை மூடிக்கொண்டு கேட்டவர்களுக்கும் பங்கு உண்டு என்றே நான் சொல்வேன்.

அன்றைக்கு அதற்கு டில்லிக்குப் போக வேண்டியிருந்தது. இன்றைக்கு வேண்டாம். 1989 டிசம்பர் 20 அன்று குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை முதன்முதலாக டிவியில் வந்தது. 1996 மே மாதம் வாஜ்பாயின் 13 நாள் அரசு நம்பிக்கை கோரிய விவாதத்தை நாடே தூர்தர்ஷனில் பார்த்தது. 1999 ஏப்ரல் 17 அன்று அவருடைய அடுத்த அரசு ஒரே ஓட்டில் விழுந்தது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. நம் வாட்ச்மேன் தாத்தாவைக் கேளுங்கள். டவுனில் ஒரு டிவி கடை வாசலில் நின்று அந்த எண் திரையில் வந்ததைப் பார்த்ததாக இன்றைக்கும் சொல்வார். 'ஒரு ஓட்டுடா தம்பி, ஒத்தை ஓட்டு' என்று விரலைக் காட்டுவார். 'நான் ஒருத்தன் போடலைன்னா என்ன ஆயிடும்' என்று பேசுகிற நம் கூட்டம் அந்த விரலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 1960 செப்டம்பர் 26 அன்று கென்னடியும் நிக்சனும் டிவியில் நேருக்கு நேர் நின்று விவாதித்தார்கள். தேர்தல் விவாதம் என்றால் அங்கே நண்பர்கள் ஒரு வீட்டில் கூடி, தின்பண்டம் வைத்துக்கொண்டு பார்ப்பது உண்டு. நம் ஊரில் பிரதமர் வேட்பாளர்கள் அப்படி நேருக்கு நேர் நிற்கும் வழக்கம் இல்லை. நமக்கு இருப்பது நாடாளுமன்றம். 2021 செப்டம்பரில் லோக்சபா டிவியையும் ராஜ்யசபா டிவியையும் சேர்த்து சன்சத் டிவி ஆக்கினார்கள். இலவச டிஷ்ஷிலும் வருகிறது, யூட்யூபிலும் கிடக்கிறது. காசு கேட்கவில்லை. நாம்தான் கூடவில்லை.

எப்படி நடத்தினோம்?

அனுமதி கேட்கப் போன கதையைச் சொல்லியாக வேண்டும்.

"சார், டிவி ரூம் வேணும் சார்."

"என்னடா, மாட்ச்சா?"

"இல்ல சார். பார்லிமென்ட்."

வார்டன் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன்டா, போன தடவை உடைச்ச ரிமோட்டுக்கே இன்னும் பில் பாஸ் ஆகல."

கடைசியில் மூன்று நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். கட்சிக் கொடி, பேட்ஜ், கோஷம் எதுவும் கூடாது. எட்டரைக்கு முடிக்க வேண்டும். ஒரு நாற்காலி உடைந்தாலும் வருஷம் பூராவும் பூட்டு. அதற்குக் கையெழுத்து, முதல் கையெழுத்து என்னுடையது. மாணவர் பேரவையிடம் செலவுக்குக் கேட்டோம். கலைவிழா இன்னிசைக் கச்சேரியோடு நிதி தீர்ந்துவிட்டது என்றார்கள். கோபம் இல்லை. ஆளுக்குப் பத்து ரூபாய் என்று நாங்களே வசூல் செய்தோம். 42 பேர் கொடுத்தார்கள். ஆகவே வரவு 420 ரூபாய். செலவுக் கணக்கு இதோ. பேரவை தணிக்கை செய்துகொள்ளலாம்!

கொண்டைக்கடலை 2 கிலோ – 190 ரூபாய்
தேங்காய் 1 – 35 ரூபாய்
பால் 2 லிட்டர் – 80 ரூபாய்
டீத்தூள் 100 கிராம் – 40 ரூபாய்
சர்க்கரை 1 கிலோ – 45 ரூபாய்
சார்ட் பேப்பர் 1 – 10 ரூபாய்
ஆக மொத்தம் – 400 ரூபாய்

மீதி இருபது ரூபாய்க்குப் புது ரிமோட்டுக்கு பேட்டரி வாங்கிப் போட்டோம். கடுகு, மிளகாய், கறிவேப்பிலை, கேஸ் எல்லாம் மெஸ் மாஸ்டர் தயவு. பேப்பர் கப் வாங்கவில்லை, அவரவர் டம்ளரை அவரவர் கொண்டுவர வேண்டும். சீனியர் அண்ணன் ஒருவரின் லேப்டாப்பை டிவியோடு இணைத்தோம். மூன்று பேர் செல்போனில் மிச்சம் இருந்த டேட்டாவைப் பகிர்ந்துகொண்டோம். ஸ்பீக்கர் கேபிள் பின் விட்டுப்போயிருந்தது. புதுசு வாங்காமல் வெள்ளிக்கிழமையே லேபில் கேட்டு சால்டரிங் செய்தோம். மின்னியல் துறை என்று சொல்லிக்கொண்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

நேரலை வேண்டாம், பதிவுதான் என்று முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. மக்களவை கூடுவது வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு. அப்போது நாம் வகுப்பில் இருப்போம். தவிர, பதிவு என்றால் இரு தரப்புக்கும் சமமாக நேரம் பிரிக்கலாம். 2024 டிசம்பர் 13, 14 இரண்டு நாளும் அரசியல் சாசனத்தின் 75 ஆண்டுகளைப் பற்றி மக்களவையில் விவாதம் நடந்தது. குடியரசு தினத்துக்கு அதைவிடப் பொருத்தம் வேறென்ன? ஆளும் தரப்பில் விவாதத்தைத் தொடங்கி வைத்த ராஜ்நாத் சிங், பதில் உரையில் 11 தீர்மானங்களை முன்வைத்த பிரதமர் மோடி. எதிர்த் தரப்பில் முதன்முறையாக அவையில் பேசிய பிரியங்கா காந்தி, எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி. ஆளுக்கு 20 நிமிஷம். யார் முதலில் என்பது திருவுளச்சீட்டு. 'தமிழ்நாட்டு எம்.பி.க்கள் பேச்சை மட்டும் போடலாமே' என்று சிலர் கேட்டார்கள். நமக்குப் பழகிய குரலை மட்டும் கேட்பதற்குக் கூட்டம் எதற்கு? அதைத்தான் தினமும் செய்கிறோமே.

சார்ட் பேப்பரில் மூன்று விதி எழுதி ஒட்டினோம். ஒன்று, விசில் கிடையாது, கை தட்டல்கூடக் கிடையாது, பார்வையாளர் மாடம் மாதிரி. இரண்டு, எந்தத் தலைவரின் குடும்பத்தையும் ஜாதியையும் இழுக்கக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம். முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில், தனக்குப் பிடிக்காத தலைவர் சொன்னதில் தான் ஒத்துக்கொள்ளும் ஒரே ஒரு விஷயத்தை எழுதிப் போட வேண்டும். பெயர் எழுத வேண்டாம்.

டீக் கெட்டிலோடு நின்றவன்

நாலு பேச்சும் ஹிந்தி. அதற்கும் ஏற்பாடு இருந்தது. சிவில் துறைத் தோழன் ஒருவன் சின்ன வயதில் பிராத்மிக் தேர்வு பாஸ் செய்தவன், அவன் சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டான். ஐந்து மணிக்கு ஆரம்பித்தோம். ஐந்து மணி மூன்று நிமிஷத்துக்கு அவன் கையை விரித்துவிட்டான். "மச்சி, பாடப் புத்தகத்துல ராமன் பழம் சாப்பிட்டான்னுதான்டா இருந்துச்சு. இவங்க வேற என்னமோ பேசறாங்க." அறையே சிரித்தது. கூட்டம் அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது கதவோரம் இன்னொரு சிரிப்பு கேட்டது. டிவியில் பேசியவர் சொன்ன ஏதோ ஒன்றுக்கு, எங்களுக்கு முன்னாலேயே ஒருத்தன் சிரிக்கிறான். மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற பீகார்ப் பையன். கையில் டீக் கெட்டில். "என்னடா சொன்னாரு?" என்றோம். அழகான தமிழில் சொன்னான். தமிழ்நாட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறதாம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். எங்களைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும்.

நாற்காலி போட்டு முன்னால் உட்கார வைத்தோம். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்துவோம், அவன் சொல்வான், பிறகு ஓட விடுவோம். ஆளும் கட்சி பேசியதையும் எதிர்க்கட்சி பேசியதையும் ஒரே மாதிரி சொன்னான். சில வார்த்தைக்கு அவனுக்கே அர்த்தம் தெரியவில்லை. "இது எங்க வீட்டு பாஷை இல்ல அண்ணே. வீட்ல மைதிலி. ஹிந்தி ஸ்கூல்ல படிச்சது" என்றான். எங்களைவிட மூத்தவன் எங்களை அண்ணே என்று கூப்பிடுகிறான்! அதுவரைக்கும் அவனை நாங்கள் கூப்பிட்டது 'வடக்கா' என்றுதான். வடக்கே போனால் எல்லோருக்கும் தாய்மொழி ஹிந்திதான் என்று நினைத்திருந்தோம். மைதிலி என்று ஒரு மொழி உண்டு, 2003-இல் 92-ஆவது திருத்தத்தின் மூலம் போடோ, டோக்ரி, சந்தாலியோடு அதுவும் எட்டாவது அட்டவணையில் சேர்ந்தது, அப்படித்தான் அட்டவணை மொழிகள் 22 ஆயின என்பதெல்லாம் அன்றைக்கு ராத்திரி தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

டீ இடைவேளையில் யாரோ விளையாட்டாகக் கேட்டார்கள். "நீ யாருக்குப்பா ஓட்டுப் போட்ட?"

"போடல அண்ணே. எலெக்ஷன் அப்போ இங்கதான் இருந்தேன். ஊருக்குப் போக ரெண்டு நாள் ட்ரெய்ன், வர ரெண்டு நாள். சம்பளம் போயிடும்."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சாசனம் எல்லோருக்கும் கொடுத்த உரிமையைப் பற்றித்தான் அதுவரை டிவியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதை எங்களுக்குத் தமிழில் சொன்னவன் கைக்கு அது எட்டவில்லை. இதை எந்தக் கட்சிக்கு எதிராகவும் சொல்லவில்லை. எங்கள் அறைக்குள்ளேயே அவன் மூன்று வருஷமாக இருந்திருக்கிறான், எங்களுக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

சீட்டுகள்

பணம் கொடுத்தவர்கள் 42 பேர், சுண்டல் வாசனைக்கு வந்தவர்களைச் சேர்த்து 47 பேர். பாதியில் ஒன்பது பேர் எழுந்து போனார்கள், அதில் ஆறு பேர் டீ நேரத்துக்குச் சரியாகத் திரும்பினார்கள்! ஒரு நாற்காலியும் உடையவில்லை. கடைசியில் பெட்டியில் விழுந்த சீட்டுகள் 33. பத்து வெறும் தாள். நாலு பேர் 'சுண்டல் சூப்பர்' வகையில் எழுதியிருந்தார்கள். மீதி 19 சீட்டில் விஷயம் இருந்தது.

ஒரு சீட்டை மட்டும் சொல்கிறேன். பெயர் இல்லை, ஆனால் கையெழுத்து எனக்குத் தெரியும். முந்தின வருஷம் ரிமோட்டை எறிந்த அதே கை. 'அவர் சொன்ன எதையும் ஒத்துக்க மாட்டேன். ஆனா முழுசா கேட்டேன்' என்று எழுதியிருந்தது. எனக்கு அது போதும்.

வெறும் தாள் பத்தில் ஒன்று என்னுடையது. எனக்குப் பிடிக்காத தலைவர் பேசிய 20 நிமிஷமும் நான் பால் பொங்குகிறதா, ஸ்பீக்கர் சரியாக இருக்கிறதா என்று வெளியே சுற்றிக்கொண்டிருந்தேன். வேலை இருந்தது உண்மைதான். ஆனால் வேலையை அந்த 20 நிமிஷத்தில்தான் தேடிப் போனேன் என்பதும் உண்மை. பிறகு தனியாக உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கேட்டேன். ஹிந்தி புரியாத இடத்தில் மெஸ்ஸுக்குப் போய்க் கேட்டுக்கொண்டேன். ஒத்துக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்தது. அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் சீட்டில் எழுதிப் போடுவேன்.

படிக்கிற பையனுக்கு அரசியல் எதற்கு?

இதை என்னிடம் முதலில் கேட்டவர் என் அப்பா. மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான் என்பதால் அவருக்குப் பயம். 'நாம படிச்சு வேலைக்குப் போற வழியைப் பாக்கணும். அரசியல் நமக்கு எதுக்குடா?' என்றார். அவர் பயம் நியாயமானது. கேஸ், சஸ்பென்ஷன் என்று வந்தால் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், இது கட்சி வேலை இல்லை. கொடி பிடிப்பது வேறு, கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் தினமும் காலையில் டீக்கடையில் யாராவது பேப்பரைச் சத்தமாகப் படித்தால், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்பார். படிக்கிறவர் எந்தக் கட்சியோ அந்தக் கட்சிச் செய்திதான் அப்பாவுக்கு அன்றைய செய்தி. அவர் எதைத் தாண்டிப் போனார் என்பது அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. எனக்கு எழுத்து தெரியும், நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் என் செல்போனும் அந்த டீக்கடை ஆள் மாதிரிதான். எனக்குப் பிடித்த அரை நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டுகிறது. முன்னும் பின்னும் என்ன பேசினார்கள் என்று எனக்கும் தெரியாது. எழுத்து தெரிந்தும் நான் அப்பா நின்ற இடத்திலேயேதான் நிற்கிறேன். அங்கிருந்து நகர வேண்டும் என்றால், முழுப் பேச்சையும் உட்கார்ந்து கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. தனியாக உட்கார்ந்தால் கை தானாகத் தள்ளிவிடும். நாற்பது பேரோடு உட்கார்ந்தால் தள்ள முடியாது. கூட்டம் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

'நாடாளுமன்றத்திலும் அமளிதானே, வெளிநடப்புதானே, அதைப் பார்த்து என்ன கற்பது?' என்று கேட்பார்கள். நாங்களும் கூச்சலைப் பார்த்தோம். குறுக்கே எழுந்து கத்தியவர்களைப் பார்த்தோம். அதையும் பார்க்கத்தான் வேண்டும். நாளைக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர் அவையில் எப்படி நடந்துகொண்டார் என்று தெரியாமல் எப்படிப் போடுவது? 61-ஆவது திருத்தத்தால் ஓட்டு வயது 21-லிருந்து 18 ஆகி, 1989 மார்ச் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் வயதுக்காரர்களை நம்பித்தான் அந்தத் திருத்தத்தைச் செய்தார்கள். பட்டிமன்றம் என்றால் கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்வார், நாம் கை தட்டிவிட்டு எழுந்து போகலாம். இங்கே நடுவர் நாம்தான். இரு தரப்பையும் கேட்காத நடுவரை யாராவது ஒத்துக்கொள்வார்களா?

என்னைக் கேட்டால் தேசபக்தி என்பது இதுதான். கொடிக்கு வணக்கம் சொல்ல ஒரு நிமிஷம் போதும். பிடிக்காதவர் பேச்சை எழுந்து போகாமல் 20 நிமிஷம் கேட்பதுதான் கஷ்டம். அவரும் இந்த நாட்டுக்காரர், அவருக்கும் இந்த நாட்டின் மேல் அக்கறை இருக்கலாம் என்று அந்த 20 நிமிஷமாவது நம்ப வேண்டியிருக்கிறது.

பேரவைக்கு என் கோரிக்கை

ஆண்டு மலர் பேரவையுடையது. ஆகவே இதில் வைத்தே கேட்கிறேன். வருஷத்தில் மூன்று நாள் – ஆகஸ்ட் 15, அரசியல் சாசன நாளான நவம்பர் 26, ஜனவரி 26. ஒரு நாளைக்கு 500 ரூபாய். வருஷத்துக்கு 1,500 ரூபாய். கலைவிழா மேடைக்குக் கட்டுகிற சீரியல் விளக்கு வாடகைக்கு இது பக்கத்தில்கூட வராது. இரண்டாவது, டிவி அறையை விட்டுவிட்டு செமினார் ஹாலில் நடத்துங்கள். எங்கள் கூட்டத்தைக் கேள்விப்பட்டு மாணவியர் விடுதித் தோழிகள் 'நாங்க மட்டும் என்ன, ஓட்டு இல்லாதவங்களா?' என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை. வீட்டிலிருந்து வந்து போகிற தோழர்களுக்கும் அங்கே இடம் உண்டு. மூன்றாவது, மெஸ் பணியாளர்கள், வாட்ச்மேன் தாத்தா, துப்புரவு அக்கா எல்லோருக்கும் முன்வரிசையில் நாற்காலி போட வேண்டும். சுண்டலும் டீயும் நாம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

எங்களுக்கு மொழிபெயர்த்த அவன் இப்போது இங்கே இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. போவதற்கு முன்னால் நாங்கள் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த கூட்டத்துக்கு ஹிந்தி தெரிந்த வேறு ஆளைத் தேட வேண்டும். தேடிக்கொள்ளலாம்.

சாவி வார்டன் சாரிடம் இருக்கிறது. போய்க் கேட்க வேண்டியது நாம். முதல் பத்து ரூபாய் என்னுடையது.

– இறுதியாண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை